சேற்றுக்குள் ஒரு கால்

தோணியில் ஏறினதிலிருந்து டெயானிரா வாயை மூடவில்லை.

"பொகொத்தாவுல எவளோ ஒருத்தி வீட்டுல பாத்திரம் கழுவவா உன் மகளுக்கு நான் ஞானத்தாயா நின்னேன்?" என்று துடுப்பைத் தண்ணீரில் அறைந்தாள்.

"நீ கோயில்ல நின்னது ஒரு காலைப்பொழுது. தினம் கஞ்சி ஊத்துறது நான்," என்றாள் பெர்சிடெஸ்.

"சரிதாண்டி. அவளை அனுப்பிப் பாரு. இன்னையோட நீ எனக்குக் கொமாத்ரே இல்லை. பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன்."

பெர்சிடெஸுக்குச் சுருக்கென்றது. குவாப்பி ஆறு கடலில் விழுகிற அந்தப் பக்கத்தில், ஒருத்தியின் பிள்ளைக்கு இன்னொருத்தி ஞானத்தாய் ஆகிவிட்டால் அப்புறம் சாகிறவரை இருவரும் கொமாத்ரேதான். பேர் மறந்தே போகும். அதிலும் கறுப்பு மட்டி பொறுக்கக் கண்டல்காட்டுக்குள் இறங்கிவிட்டால் பேரை எடுக்கவே கூடாது. அங்கே பேர் சொல்லிக் கூப்பிடுவது துந்தா என்கிற காட்டுப்பேய் ஒன்றுதான். அது நமக்கு வேண்டியவளின் முகத்தை மாட்டிக்கொண்டு வரும், குரலையும் எடுத்துக்கொள்ளும். இறாலைச் சுட்டு ஊட்டும். தின்றவள் அதன் பின்னாலேயே போய்விடுவாள். ஞானஸ்நானம் இல்லாத ஜென்மம் என்பதால் கொமாத்ரே என்ற சொல் மட்டும் அதன் நாக்கில் வராது. இன்னொன்றையும் அதால் மறைக்க முடியாது. ஒரு கால் மத்துப்போல இருக்கும்.

கடல் வற்றியிருந்தது. தோணியை வேரில் கட்டிவிட்டு, கொசு விரட்ட ஆளுக்கொரு தேங்காய்நார்ப் புகைச் சட்டியை எடுத்துக்கொண்டு இருவரும் வேறு வேறு பக்கம் போனார்கள். வேர்களுக்கடியில் கையை முழங்கைவரை விட்டுத் துழாவி, அகப்பட்ட மட்டியைக் கூடையில் போட்டு நகர்கிற வேலை. மற்ற நாளென்றால் நடுநடுவே "கொமாத்ரே, ஓ!" என்று ஒருத்தி குரல் கொடுக்க, "ஓ!" என்று மற்றவள் திருப்பிக் கொடுப்பாள். இன்று ஒருத்தியும் கொடுக்கவில்லை. கொசு இரைச்சல் மட்டும் காதைச் சுற்றியது.

நண்டுகள் வேரின்மேல் ஏறத் தொடங்கின. ஓதம் திரும்பிவிட்டது. பெர்சிடெஸ் கூடையைத் தூக்கியபோதுதான் அது கேட்டது.

"பெர்சிடெஸ்!"

டெயானிராவின் குரல்தான். அதே கரகரப்பு. ஆனால் பேர்.

சொன்னபடி வீம்புக்குக் கூப்பிடுகிறாளா? அப்படியானால் இவ்வளவு இழுத்து, அழுகிற மாதிரியா கூப்பிடுவாள்? பதில் கொடுத்தால் துந்தாவுக்கு வழி தெரிந்துவிடும். இவளுடைய சித்தி அப்படித்தான் பதில் கொடுத்தாள். கண்டுபிடித்துக் கொண்டுவந்தபோது உடம்பெல்லாம் கீறல், பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியவில்லை.

பெர்சிடெஸ் தோணிக்கு ஓடினாள். உள்ளே குந்திக் காதைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கு வழியாகவும் வந்தது.

"பெர்சிடெஸ்! பெர்சிடெஸ்!"

தண்ணீர் வந்து தோணியை மெல்லத் தூக்கியது. டெயானிரா வரவில்லை. ஓதம் ஏறினால் அந்தக் காட்டில் ஆள் உயரத்துக்குமேல் நிற்கும் என்று தவழும் குழந்தைக்குக்கூடத் தெரியும். கூப்பிடுவது துந்தா என்றால், கொமாத்ரே எங்கே?

பிறகு பேரும் நின்றுபோய் வெறும் ஊளையாக ஒன்று வந்தது. அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை. உடம்பு வேண்டாம் வேண்டாம் என்றது, கால் இறங்கிவிட்டது.

வேர்களுக்கு நடுவே, ஒரு பள்ளத்தில், முழங்காலுக்குமேல் புதைந்து, சரிந்து கிடந்தாள் டெயானிரா. தண்ணீர் மார்பைத் தொட்டிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது.

பெர்சிடெஸ் கிட்டே போகாமல் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

"வந்துட்டியா! ஏன் நிக்கிறே? கையைக் கொடு."

"காலைக் காட்டு."

"என்னது?"

"ரெண்டு காலையும் காட்டு. அப்புறம்தான் கை."

"காட்ட முடிஞ்சா நான் ஏண்டி கத்துறேன், பைத்தியக்காரி! தேரைமீன் முள்ளை ஏத்திட்டுது. மரத்துப்போச்சு. கால் இருக்கா இல்லையான்னே தெரியலை."

"எப்பவும் கூப்பிடுற மாதிரி என்னைக் கூப்பிடு. ஒரே ஒரு தடவை."

டெயானிராவின் பல் கிட்டிப்போயிருந்தது. காலையிலிருந்து நெஞ்சில் வைத்திருந்த கோபமோ, விஷத்தின் மயக்கமோ, வாயில் வந்தது "பெர்சிடெஸ்" என்பதுதான்.

தண்ணீர் கழுத்துக்கு வந்தது.

துந்தாவாக இருந்தால் தன் உயிர் போகும். டெயானிராவாக இருந்தால் தன் கண்முன்னே அவள் போவாள். பெர்சிடெஸ் வேரின்மேல் குப்புற விழுந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை நீட்டினாள். பிடித்த கை பனிபோல் இருந்தது. இழுத்தாள். சேறு விடாமல் உறிஞ்சியது. மறு கையைத் தண்ணீருக்குள் விட்டு முழங்காலுக்குக் கீழே துழாவினாள்.

மெலிசாய், உருண்டையாய், கட்டையாய் ஒன்று கையில் தட்டியது.

அய்யோ என்று விட்டுவிட்டாள். டெயானிராவின் தலை தண்ணீருக்குள் போனது. குமிழி வந்தது. அந்தக் குமிழியைப் பார்த்ததும் பெர்சிடெஸ் எதையும் யோசிக்கவில்லை, பாய்ந்து மறுபடி பிடித்தாள். அந்தக் கட்டை வெறும் வேர்தான், காலைச் சுற்றிக் கிடந்தது. அதை ஒடித்துத் தள்ளியபின் வீங்கிய பாதம் அகப்பட்டது. விரல்கள் இருந்தன.

எப்படித் தோணிக்கு இழுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. காட்டுக்கு வெளியே வந்தபிறகுதான் டெயானிரா பேசினாள்.

"நான் கத்தினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எங்க இருந்தே?"

"இங்கதான். தோணியில." பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

டெயானிரா திட்டவில்லை. தோணியின் மறுகோடிக்கு ஒதுங்கிப் படுத்திருந்தவள், அவள் காலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "நீ வந்து பேசாம நின்னே பாரு. என் வாய் 'கையைக் கொடு'ன்னுச்சு. கண்ணு உன் காலைத்தான் தேடிச்சு. அதுவும் சேத்துக்குள்ள இருந்துச்சு. இப்பவும் சேறா இருக்கு."

பெர்சிடெஸ் துடுப்பைக் கீழே வைத்தாள். நீரை அள்ளி அள்ளித் தன் கால் இரண்டையும் தேய்த்துக் கழுவினாள். கழுவி, தோணிக்குள் நீட்டினாள்.

டெயானிரா ஊர்ந்து வந்து ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள்.