நடுக்குழாய்

அக்கா, மாமாவுக்கு வேலை போய்விட்டது. உன்னிடம் சொல்லக்கூடாது என்றார். சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபப்படாமல் கேள்.

எங்கள் பட்டறையில் ரோபோவுக்கு ஒரு தூக்கி செய்கிறோம். ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து குழாய்கள். உள்ளே அடங்கினால் என் இடுப்பு உயரம், நீண்டால் கூரைப் பக்கம் போய் நிற்கும். உச்சித்தட்டில் இருக்கும் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கும். அதை ஓட்டிக் காட்டப் போன இடம், மாமா ஏணி ஏறிப் பெட்டி இறக்குகிற அதே கிடங்கு. எந்தக் கிடங்கு என்று முன்னால் யாரும் சொல்லவில்லை. உள்ளே போய் அவரைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

முழு உயரத்துக்கு நீண்டதும் தூக்கி ஆடியது. "ஆடுற சாமான் எனக்கு வேணாம்" என்று கிடங்கு முதலாளி வாசலைப் பார்த்து நடந்தார். எங்கள் சூப்பர்வைசர் முகம் செத்துப்போனது. எனக்கோ உள்ளுக்குள் நிம்மதி.

ஏணியில் கால் வைக்கும் முன் உள்ளங்கையைப் பதித்துப் பார்ப்பது மாமாவின் பழக்கம். தூக்கியிலும் அப்படியே கை வைத்தார்.

"மச்சான், நடுக்குழாய்தான்டா உதறுது. உள்ள லூசு."

"மாமா, கொஞ்சம் வாய மூடிட்டு இருங்க."

"பெட்டி விழுந்தா கீழ நிக்கிறவன் மண்டை என்னடா ஆகும்?"

"இது ஆடாம நின்னுச்சுன்னா உங்களுக்கு ஏணி இல்ல மாமா. புரியுதா?"

கையை எடுக்காமலே சொன்னார்.

"புரியுது. இது இல்லன்னா இதவிட மட்டமா ஒண்ண வாங்கிப் போடுவாங்க. கீழ நிக்கிறது நம்ம ஆளுங்கடா. ஒழுங்கா செய்."

சூப்பர்வைசர் காதில் விழுந்துவிட்டது. நடுக்குழாயைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பட்டைக்குப் பின்னால் மெல்லிய தகடு ஒன்றைச் செருகினேன். என் கையாலேயே, அக்கா. தூக்கி அசையாமல் நின்றது. முதலாளி திரும்பி வந்து மாமாவின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அடுத்த வாரமே ஏணிகளை வெளியே போட்டார்கள். மாமாவையும்தான்.

"தட்டுன வேகத்துல வெளிய வந்து விழுந்துட்டேன்டா" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது தினமும் எங்கள் அறையிலிருந்து எனக்கு முன்னால் கிளம்பி வேலை தேடி அலைகிறார். நேற்று நீ போன் பண்ணியபோது நானும் கூட நடந்துகொண்டிருந்தேன். ஆள் இல்லாத தெரு. "கிடங்குல இருக்கேன், ஒரே சத்தம்" என்றார்.

"ஏணியில பாத்து ஏறுங்க" என்றாய் நீ.

"ம்" என்றார்.

நீ வைத்துவிட்டாய். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நடந்துகொண்டே இருந்தார்.