பாவா வாங்கிய விமானம்

மணவாளனுக்குப் பறக்கத் தெரியும். அதாவது, பெங்களூர்ப் பக்கம் ஒரு கிளப்புக்கு ஞாயிறு ஞாயிறாகப் போய், டீ குடித்த நேரம் போக மீதி நேரத்தில் கற்றுக்கொண்டு வந்திருந்தார். வந்த கையோடு யாரோ தள்ளிவிட்ட இரண்டு சீட்டு அல்ட்ராலைட் குட்டி விமானம் ஒன்றையும் லாரியில் ஏற்றித் திருத்தணிக்குக் கொண்டுவந்துவிட்டார். கூடாரத் துணியில் இறக்கை, குழாயில் உடம்பு, மூக்கில் ஒரு விசிறி.

"மொபெட்டுக்குத் துணி கட்டுனா மாதிரி கீது, பாவா" என்றாள் மச்சினி அனுசுயா.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த மொபெட்தான் அவள் வாயில் மண்ணைப் போடப் பார்த்தது.

அனுசுயா பள்ளிப்பட்டில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் இயற்பியல் படித்தவள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி. அரக்கோணத்துக் கடற்படை விமானங்களை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி வாங்கியவள். கமர்ஷியல் பைலட் தாள்களை எழுதித் தேறி, மகாராஷ்டிரப் பக்கம் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடப் படிப்புக்கு இடமும் வாங்கிவிட்டாள். அவளுடைய அப்பா, நைனா பரசுராமனும் தலையாட்டியாயிற்று. அப்போது பார்த்து மணவாளன் வாயைத் திறந்தார்.

"ரெண்டு வருஷம் இன்னாத்துக்கு மாமா? ஒரே மாசம் என்னாண்ட வுடுங்க. வானம் ஒண்ணுதானே?"

நைனா ஆட்டிய தலையை நிறுத்திக்கொண்டார். "அதானே பாப்பா. வூட்டாண்டயே கத்துக்கலாமே."

"நைனா, அது பொழுதுபோக்கு! அத ஓட்டிக் காட்டுனா எவனும் வேல குடுக்கமாட்டான். மழையில, மேகத்துக்குள்ள, நூறு பேர ஏத்திக்கினு ஓட்டறது வேற."

"நூறு பேரா? மொதல்ல நீ ஒருத்தி ஏறு அனு" என்று சிரித்தார் மணவாளன்.

நைனாவுக்கு அது பிடித்துப்போயிற்று. பாவாவோடு ஒரு சுற்று. அதைப் பார்த்துவிட்டு நைனா சொல்வதுதான் முடிவு.

திருத்தணியில் சைக்கிள் வாங்கினாலே பூசை போடுவார்கள். விமானத்தைச் சும்மா விடுவார்களா? கரும்புத் தோட்டத்தை ஒட்டிய பொட்டலுக்கே குருக்கள் வந்துவிட்டார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், விசிறிக்குச் சாமந்தி மாலை. நீட்டிக்கொண்டிருந்த எல்லாவற்றுக்கும் அக்கா கல்பனா சந்தனம் வைத்தாள்.

அனுசுயா பாடத்தில் படித்த முறைப்படி வண்டியைச் சுற்றி வந்து சோதித்தாள். மாலையைக் கழற்றினாள். இறக்கைக்கடியில் விரல் தடிமனில் ஒரு குழாய். காற்று அதற்குள் புகுந்தால்தான் வேகம் காட்டும் முள் நகரும். அதன் வாயை அடைத்திருந்த சந்தனத்தை ஊதுவத்திக் குச்சியால் நோண்டி எடுத்துவிட்டுப் போய் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

கல்பனா திரும்பி வந்ததை அனுசுயா பிறகுதான் தெரிந்துகொண்டாள். "ஐயோ, இது ஒண்ணு மட்டும் மொட்டையா நிக்குதே" என்று இன்னும் பெரிய உருண்டையாக அப்பி, மேலே குங்குமமும் வைத்துவிட்டாள் மகராசி.

எஞ்சின் அலறியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி ஓடியது. முள் மட்டும் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

"பாவா, முள்ளு அசையல. நிறுத்துங்க!"

"இரு, இன்னும் வேகம் வரல."

"வேகம் வரலியா? காத்துல எனக்குக் கண்ணு தெறிக்குது!"

"முள்ளு ஏறாம தூக்காதன்னு கிளப்புல சொல்லிக்கீறாங்க!"

வண்டியோ தானாகவே எழும்பியது. மணவாளன் அமுக்கினார். மறுபடி எழும்பியது, மறுபடி அமுக்கினார். தவளை மாதிரி தத்தித் தத்திக் கரும்பை நோக்கிப் போனது. கரும்பு கிட்டே வந்ததும் மணவாளன் "முருகா!" என்று இரண்டு கையையும் எடுத்துத் தலைக்கு மேல் கும்பிட்டார்.

அனுசுயா எட்டி எஞ்சினை அணைத்தாள், தன் பக்கத்துப் பிடியை நேராகப் பிடித்தாள். விமானம் கரும்புக்குள் நுழைந்து, சலசலத்து, உட்கார்ந்தது.

"கைய எறக்குங்க பாவா. நின்னுடுச்சு."

நைனா வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிவந்தார். அனுசுயா சந்தனக் குழாயைக் காட்டிக் கத்தினாள். "முள்ளு அசையலன்னா அங்கயே நிறுத்தணும் நைனா! இதெல்லாம் ஒடம்புல ஊறணும்னுதான் ரெண்டு வருஷம்!"

நைனா குழாயைப் பார்த்தார். இன்னும் கும்பிட்டபடியே இருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"நிறுத்தினது நீதானா?"

"ஆங்."

"அப்ப கெளம்பு. ஆனா ரெண்டு வருஷம் பத்துமா பாப்பா? நாலு வருஷப் படிப்பு அங்க இல்லயா?"

கரும்புக்குள்ளிருந்து மணவாளன் குரல் வந்தது. "அனு, அங்க எனக்கும் ஒரு சீட்டு கெடைக்குமான்னு கேளேன்."