கடைசி வரியை வாசிக்காத டீச்சர்

ஓய்வு பெற்ற தபால்காரர் தன் கவிதையை வாசிக்க எழுந்ததும், செத்து நான்கு வருடமான அவருடைய நாய் நூலக மண்டபத்துக்குள் வந்து அவர் காலடியில் படுத்தது. முன்வரிசைக்காரர் ஒருவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார், அவ்வளவுதான். கடைசி வரி முடிந்ததும் நாய் உடம்பை உதறிவிட்டு வெளியே போனது. எல்லோரும் கை தட்டினார்கள். மழைக்கு ஒதுங்க வந்த தமிழ் டீச்சர் மட்டும் நாய் போன வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய ஒரே மகள் பள்ளிக்குப் போகும் வழியில் லாரி மோதி இறந்தவள். அன்று காலை கிளம்பும்போது, "அம்மா, போயிட்டு வரேன்" என்றாள். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் தலை நிமிரவில்லை. "ம்" என்றதோடு சரி. அந்த "ம்" இத்தனை காலமும் மீன்முள்ளாகத் தொண்டையில் குத்திக்கொண்டிருந்தது.

மகளை எழுதத் தனக்குத் தைரியம் வராததால் வகுப்புப் பிள்ளைகளைக் கவிதை எழுதச் சொன்னார். புத்தகத்தை மூடுங்கள், மனதில் கிடப்பதை உங்கள் பேச்சிலேயே எழுதுங்கள் என்றார். பிள்ளைகள் முதலில் திருதிருவென்று விழித்தார்கள். பாவம், அதுவரை யாரும் அவர்களை அப்படிக் கேட்டதில்லை. பிறகு ஒருத்தி கடலை எழுதி வாசித்தாள். கணுக்காலளவு உப்புத் தண்ணீர் வந்து, அவள் முடித்ததும் வடிந்தது. ஒருவன் வெளிநாடு போன அப்பாவை எழுதினான். அப்பா வந்து கடைசி பெஞ்சில் குறுகி உட்கார்ந்து, நான்கே வரியில் எழுந்து போனார். "கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கலாம்லடா!" என்று வகுப்பே அவனைத் திட்டியது. பாடப்புத்தகச் செய்யுளை எத்தனை முறை ஒப்பித்தும் ஒரு ஈகூட வந்ததில்லை. இனிமேல் ஈரமில்லாத விஷயமாக எழுதச் சொல்லுங்கள் என்று மட்டும் தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார்.

"நீங்க மட்டும் எழுத மாட்டீங்களா டீச்சர்?" என்று ஒருநாள் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். எழுதினார். வாசிக்க வாசிக்க மகள் வந்தாள். பையை மாட்டிக்கொண்டு, கிளம்புகிற மாதிரி, வகுப்பு வாசலில் நின்றாள். கடைசி வரியை வாசித்தால் போய்விடுவாள். டீச்சர் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டார்.

மகள் அங்கேயே நின்றாள். பெருக்குகிற அம்மாள் அவளைச் சுற்றிப் பெருக்கினார். ஆசிரியர்கள் ஒருக்களித்து நுழையப் பழகிக்கொண்டார்கள். கடலை எழுதியவள் கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு வந்து பார்த்துவிட்டுப் போனாள். டீச்சருக்குத் தலை நரைத்தது. மகளுக்கு அதே இரட்டைப் பின்னல், அதே வயது. காலையில் முதல் ஆளாக வந்து அந்த முகத்தைப் பார்த்தால் போதும் என்று டீச்சர் இருந்தார். மகளோ எதையோ சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமலே நின்றாள்.

புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமிதான் கேட்டாள்: "டீச்சர், அந்த அக்காவுக்குக் கால் வலிக்காதா?"

டீச்சர் வகுப்பு என்றும் பாராமல் ஓவென்று அழுதார். அழுது முடித்துத் தாளை எடுத்தார். மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தது, அவருக்கா மறக்கும்? கடைசி வரியை வாசித்தார்.

"அம்மா, போயிட்டு வரேன்," என்றாள் மகள்.

டீச்சர் நிமிர்ந்து, அவளைக் கண் நிறையப் பார்த்தார். "ஓரமா, பாத்துப் போ கண்ணு. போயிட்டு வா."

அடுத்த பீரியட் கணக்கு. கணக்கு வாத்தியார் வழக்கம்போல ஒருக்களித்தே உள்ளே நுழைந்தார். அப்புறம்தான் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.