மெஹக்கோட அறுபத்திமூணு கிளிப்

காலைல பத்து மணிலேருந்து அந்த கல்யாண வீடியோ ப்ராஜெக்ட் என் உயிர வாங்கிக்கினு கீது. ஓப்பன் குடுத்தா லோடிங் கோடு சரசரன்னு ஓடும், தொண்ணூத்தேழு பர்சென்ட்ல நிக்கும். அப்புறம் ஸ்க்ரீன் வெளுத்துப் போயி ‘நாட் ரெஸ்பாண்டிங்’னு வரும். அவ்ளோதான். நான் திட்டின திட்டுக்கு வேற எவனா இருந்தாலும் வேலைய வுட்டுட்டு ஓடியிருப்பான். இது நகரவே இல்ல.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுல, ஜெராக்ஸ் கடைக்கு மேல, ரெண்டு ரூம் ஸ்டூடியோ. நானும் என் சின்னம்மா பையன் யாசிரும் நடத்துறோம். எங்க முஸ்லிம் கல்யாணங்கள்ல ஆம்பள பக்கம் தனி, பொம்பள பக்கம் தனி. ஆம்பள பக்கத்த யாசிர் எடுத்து அவன் ரூம்ல எடிட் பண்ணுவான். பொம்பள பக்கம் முழுக்க நான். அந்த ஹார்ட் டிஸ்க் என் ரூம் வாசப்படிய தாண்டாது. அந்த வீட்டு பொம்பளைங்கள்ல ஒருத்தர் வந்து கையால வாங்கிக்கினு போவாங்க. அந்த நம்பிக்கைலதான் ‘நம்ம வஜீஹா கேமராதானே’ன்னு என் முன்னாடி துப்பட்டாவ எடுத்துட்டு சிரிக்கிறாங்க.

இது சிம்ராவோட கல்யாணம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவ தங்கச்சி மெஹக் வேளச்சேரிலேருந்து டிஸ்க் வாங்க வரா. மெஹக்குக்கு பத்தொம்போது வயசு. நெத்திலேருந்து கழுத்து வரைக்கும் வெள்ளத் திட்டு. ஆறு வருஷமா ஒரு போட்டோவுலகூட அவ இல்ல, கேமராவ பாத்தா கிச்சனுக்குள்ள போயிடுவா. மெஹந்தி அன்னிக்கு நான் கிச்சனுக்கே போயி, “எந்த ஆம்பள கண்ணும் படாது, எடிட்ல உன் மூஞ்சில நானும் கை வைக்க மாட்டேன், அல்லா மேல ஆணை”ன்னேன். அப்புறம் வெளிய வந்து அக்கா பக்கத்துல உக்காந்து பாட்டு பாடினா.

சர்வீஸ் ஆளக் கூப்பிட்டா அரை மணி நேரத்துல சரி பண்ணிடுவான். ஆனா அவன் ஆம்பள. அதனால நானே மல்லுக்கட்டினேன். ரீஸ்டார்ட் போட்டேன். டெம்பரரி ஃபைல் முழுக்க அழிச்சேன். செட்டிங்ஸ மொதல்லேருந்து வச்சேன். ஒண்ணும் வேலைக்கு ஆவல. கடைசியா காலி ப்ராஜெக்ட் ஒண்ணு தொறந்து, பழசுலேருந்து ஒவ்வொரு துண்டா இழுத்தேன். நிக்காஹ் வந்துச்சு. வலீமா விருந்து வந்துச்சு. மெஹந்தி வரும்போது மறுபடியும் அதே தொண்ணூத்தேழு.

மெஷின் தானா சேவ் பண்ணி வைக்கிற ஆட்டோசேவ் ஃபோல்டர தொறந்தேன். புதன்கிழமை சேவ் ஜம்முனு தொறந்துச்சு. அதுக்கு அப்புறம் வியாழக்கிழமைல பதினோரு சேவ் கீது. வியாழக்கிழமை நான் ஸ்டூடியோவுக்கே வரல. அம்மாவ அடையாறுக்கு கண்ணு காட்ட கூட்டிக்கினு போயிருந்தேன்.

வியாழக்கிழமைல மொத சேவ தொறந்தேன். தொறந்துச்சு, கூடவே ஒரு மெசேஜ் பொட்டியும் வந்துச்சு. ஒரு எஃபெக்ட் இந்த மெஷின்ல இல்லியாம். பேரு பாத்தேன். தோல வழவழன்னு ஆக்குற எஃபெக்ட். மாப்ளைங்க மூஞ்சி பருவ மறைக்க யாசிர் வாங்கிப் போட்டது, அவன் மெஷின்ல மட்டும்தான் கீது. அடுத்தடுத்த சேவ்ல அது ஏறிக்கினே போவுது. மொத்தம் அறுபத்திமூணு கிளிப். அறுபத்திமூணும் மெஹக். அந்த பாரம் தாங்காமதான் என் மெஷின் செத்து செத்து விழுந்திருக்கு.

கரண்ட் போனா யூபிஎஸ்ஸ நிறுத்தணுமேன்னு என் ரூம் சாவி ஒண்ண நானே அவன்கிட்ட குடுத்து வச்சிருந்தேன். அத வச்சு தொறந்து டிஸ்க்க அவன் மெஷினுக்கு எடுத்துக்கினு போயிருக்கான். என் புத்திய எதால அடிக்கிறது.

யாசிர் ஹெட்போன் மாட்டிக்கினு உக்காந்திருந்தான். புடுங்கி மேஜை மேல போட்டேன்.

“இன்னாடா பண்ண மெஹந்தில?”

அவன் மூஞ்சி செத்துடுச்சு. “நான் சரியா பாக்கலக்கா. மேலோட்டமாதான்.”

“மேலோட்டமா அறுபத்திமூணு தடவையா? அவ கன்னத்துல, கழுத்துல, ஒவ்வொரு திட்டுக்கும் தனித்தனியா வட்டம் போட்டு வச்சிருக்க. வெக்கமா இல்ல உனக்கு?”

“ஷாகிரா ஆன்ட்டிதான் போன் பண்ணாங்கக்கா. மெஹக்க சிம்ரா புருஷனோட தம்பிக்கு பொண்ணு கேக்கலாம்னு பேச்சு ஓடுதாம். அந்த வீட்டு பொம்பளைங்க வீடியோ பாப்பாங்களாம். வஜீஹா செய்ய மாட்டா, நீ செஞ்சிடு தம்பின்னு அழுதாங்க.”

ஷாகிரா ஆன்ட்டின்னா மெஹக்கோட அம்மா. எந்த ஆம்பளையும் பாக்கக்கூடாதுன்னு என்கிட்ட மூணு தடவ சத்தியம் வாங்கினவங்களும் அவங்கதான். அங்கேயே நின்னு போன் போட்டேன்.

“பெத்தவ நானு,” ன்னாங்க. “எனக்கு இல்லாத அக்கறையா உனக்கு? யாசிர் பண்ணத அப்படியே குடு. மெஹக்கிட்ட மூச்சு வுடாத.”

எனக்கு வந்த கோவத்துக்கு போன தூக்கி ரோட்டுல போட்டிருப்பேன். கட் பண்ணிட்டு, புதன்கிழமை சேவ எடுத்து, பாக்கி வேலைய ரெண்டு மணி நேரத்துல முடிச்சேன். யாசிர் டீ வாங்கிக்கினு வந்து வாசல்ல வச்சான். நான் தொடல.

மெஹக் அஞ்சுக்கெல்லாம் வந்துட்டா. கதவ சாத்தினதும் முகத்து துணிய எடுத்துட்டு சிரிச்சா. “ஆம்பளைங்க யாரும் பாக்கலல்லக்கா?”

இல்லன்னு சொல்லியிருந்தா டிஸ்க்கோட சந்தோஷமா போயிருப்பா. ஏற்கெனவே ஒரு சத்தியம் போயிடுச்சு, அதுக்கு மேல ஒரு பொய் வேறயா. எல்லாத்தையும் சொன்னேன். யாசிர் பாத்தத, அவ அம்மா கேட்டத, அந்த சம்பந்தப் பேச்ச, ஒண்ணு வுடாம.

அழல. “யாசிர் அண்ணன் பண்ணத காட்டுங்க”ன்னா. அவன வெளிய தொரத்திட்டு அவன் மெஷின்ல காட்டினேன். ஸ்க்ரீன்ல அவ பாடிக்கினு இருந்தா, வழவழன்னு, யாரோ ஒரு பொண்ணு மாதிரி.

“அம்மாவுக்கு இவதான் வேணுமா,” ன்னா. அப்புறம், “என்னைய வீடியோவுலேருந்து எடுத்துடுங்கக்கா. எல்லா எடத்துலேருந்தும்.”

“புதன்கிழமை சேவ்ல நீ நீயாவே கீற மெஹக். அது போதும்.”

“யாரும் பாக்க மாட்டாங்கன்னுதானே நான் கேமரா முன்னாடி வந்தேன்.”

என் மெஷினுக்கு திரும்பினேன். அவ பக்கத்துல உக்காந்திருக்க, ஒவ்வொண்ணா வெட்டினேன். சிம்ரா அழும்போது தோள புடிச்சிக்கினு நின்னது மெஹக்தான். அத எடுத்தா சிம்ரா அழுததும் போயிடும். எடுத்தேன். பாட்டும் போச்சு. அவ துணிய இழுத்து மூடிக்கினு, டிஸ்க்க பையில போட்டுக்கினு, படி இறங்கிப் போயிட்டா.

எட்டு மணிக்கு ஷாகிரா ஆன்ட்டி போன் பண்ணாங்க.

“மெஹக் எங்கயுமே இல்லியேம்மா. ஒரு எடத்துலகூடவா இல்ல? கூடப் பொறந்த அக்கா கல்யாணமாச்சே.”

“ஆமா ஆன்ட்டி,” ன்னேன். “அக்கா கல்யாணம்னுதான் அன்னிக்கு கிச்சன வுட்டு வெளிய வந்தா.”