திரையின் மூலையில் என் பேர்

யோகோஹாமாவில் குராமோச்சியின் கடைக்கு முப்பது வருஷமாக நூடுல்ஸ் போடுகிறேன். ஒரு நாளும் முன்வாசல் வழியாகப் போனதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துச் சந்து வழியாகப் பின்கதவுக்குத்தான் போவேன். சரக்குக்காரி பின்னால் வருவது வழக்கம்தானே என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காரணம், கடையின் பேரை எழுதி முன்வாசலில் தொங்கவிட்டிருந்த துணித் திரையில் இருந்தது. 'ஷினா சோபா'. அவர் அப்பா காலத்தில் ராமென் என்கிற நூடுல்ஸ் சூப்புக்கு அதுதான் பேர். சீன வம்சத்தில் வந்த எங்களுக்கோ, 'ஷினா' என்பது போர்க்காலத்தில் ஜப்பான்காரர்கள் எங்களையும் எங்கள் நாட்டையும் இளக்காரமாகக் கூப்பிட்ட பேர். பள்ளிக்கூட வாசலில் அந்த வார்த்தையோடுதான் என் மேல் கல் விழும். நான் பிறந்ததும் வளர்ந்ததும் இந்த ஊரில்தான். அது யாருக்கு வேண்டும்!

போன மாசம் குராமோச்சி கூப்பிட்டார். "லியாங் அம்மா, கடைக்கு அறுபது வருஷம் ஆகுது. புதுத் திரை நீங்கதான் குடுக்கணும். மூலையில உங்க பேர் இருந்தா எனக்குப் பெருமை."

திரை கொடுப்பவரின் பேரை மூலையில் சாயத்தில் பதிப்பார்கள். அந்த மரியாதை லேசில் கிடைக்காது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "தாராளமா குடுக்கறேன் அண்ணே" என்றேன்.

ஒரு வாரத்தில் சாயக்காரரின் மாதிரிப் படம் வந்தது. நடுவில் பெரிதாக அதே 'ஷினா சோபா'. கீழே மூலையில் 'லியாங் நூடுல்ஸ்'. புதுத் திரை என்றால் பேரும் புதிதாக வரும் என்று நானாக நினைத்த மடத்தனம். லியாங் என்பது என் அப்பாவின் பேரும்தானே.

படத்தோடு கடைக்குப் போனேன். அடுக்களையில் குராமோச்சி சூப்பை ருசி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதுல என் பேர் வேணாம்."

"எழுத்து சின்னதா இருக்கோ? பெருசாக்கச் சொல்லிடுவோம்."

"அது இல்ல. நடுவுல இருக்கிற பேர். அதைச் சொல்லித்தான் என்னை அடிச்சாங்க."

கரண்டி நின்றது. "எங்கப்பா வச்ச பேரும்மா. அவர் யாரையும் திட்டினதில்ல."

"தெரியும். ஆனா அடிபட்டது நான்ல?"

"முப்பது வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க?"

"சொன்னா நாளையிலேருந்து வராதேன்னுடுவீங்களோன்னு பயம். இப்பவும் பயம்தான். ஆனா அந்தப் பேருக்குக் கீழ என் பேரு வராது."

அவர் அடுப்பைத் தணித்தார். அடுத்த பத்து நாளும் "வச்சிட்டுப் போங்க" என்பதற்கு மேல் ஒரு பேச்சில்லை. சரி, இந்தக் கடை நம்மை விட்டுப் போச்சு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

விழா நாள் காலையில் வழக்கம்போலச் சந்துக்குள் திரும்பினேன்.

"பின்கதவு பூட்டியிருக்கு!" என்று முன்னாலிருந்து குராமோச்சி கத்தினார்.

போய்ப் பார்த்தேன். கருநீலத்தில் புதுத் திரை. நடுவில் ஒன்றுமே இல்லை. மூலையில் மட்டும் 'லியாங் நூடுல்ஸ்'.

"கடை பேரு எங்கய்யா?" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

"யோசிச்சிட்டிருக்கேன். நீங்க பேரைத் திங்கவா வந்தீங்க?"

திரைக்கு மேலே பழைய மரப்பலகை அப்படியே இருந்தது, அதே பேரோடு. நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். "அது அப்பா கையெழுத்து. எடுக்க இன்னும் மனசு வரல, லியாங் அம்மா."

எனக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"மனசு வர்றப்ப சொல்லுங்க. ஏணியை நான் பிடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, திரையை விலக்கி, பெட்டியோடு முன்வாசல் வழியாக உள்ளே போனேன்.