மூன்றாவது குளிசை

முற்றத்தில், இறந்துபோன வாப்பாவின் மையித்தைக் குளிப்பாட்டுவதற்காக நான்கு கம்புகளை நட்டுச் சேலையால் மறைப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே, வாப்பாவின் கட்டிலடியில் முழங்காலிட்டு நிஸா மருந்துக் குளிசைப் போத்தலைத் தேடிக்கொண்டிருந்தாள். தலையணைக்கடியில் இல்லை. அலுமாரியில் இல்லை. கடைசியில் கட்டில் காலுக்கும் சுவருக்கும் நடுவே, மூடி இறுக்கியபடியே கிடந்தது. இரவு வாப்பாவின் கை உதறியபோது தட்டுப்பட்டு விழுந்திருக்க வேண்டும்.

மடியில் கொட்டி எண்ணினாள். பதினெட்டு. அவள் வாங்கி வந்தது அறுபது. பதினான்கு நாள், நாளுக்கு மூன்று. மறுபடி எண்ணினாள். சரியாகத்தான் இருந்தது. ஒன்றிரண்டு குறைந்திருந்தால், வாப்பா மறதியில் கூடுதலாக விழுங்கிவிட்டார் என்று மனதை ஆற்றிக்கொண்டிருக்கலாம். அதற்கும் வழியில்லை.

“புள்ள, கபன் துணி வந்திட்டு. அத்தர் எங்க?” என்று யாரோ வாசலில் நின்று கேட்டார்கள். நிஸா போத்தலை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். அத்தரை எடுத்துக் கொடுத்தாள். பிறகு குசினி அடுப்படிவரை போனாள், எதற்கென்று தெரியாமல் திரும்பி வந்தாள்.

வாப்பா ஸெய்னுதீன் வெள்ளைக்காரன் காலத்தில் டொக்யார்ட்டில் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போட்டவர். கப்பற்படை மூட்டைகட்டிப் போய் இருபத்தைந்து வருடமாகியும் அந்தக் கரி அவருடைய நெஞ்சை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு மார்கழியும் இழுப்பு வரும். இந்த எண்பத்திரண்டாம் ஆண்டு மார்கழியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. டொக்டர் சிவகுருநாதன் தியோபிலின் குளிசை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, இழுப்புக் கடுமையென்றால் மத்தியானமும் ஒன்று. அந்த மூன்றாவது குளிசையை முதல் நாளிலிருந்தே நிலையாக்கியவள் நிஸாதான். வாப்பா ஒரு படி ஏறி மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

குளிசை வயிற்றைப் பிரட்டுகிறது என்று வாப்பா முகம் சுளித்தார். அதற்கு நபீஸா ஒரு வழி செய்தாள். மிளகு, சுக்கு, திப்பிலி மூன்றையும் வறுத்து இடித்து, ஒவ்வொரு குளிசைக்கும் பின்னால் ஒரு கரண்டி தேனில் குழைத்துக் கொடுத்தாள். நபீஸா வாப்பாவின் இரண்டாவது மனைவி. ஆறு வருடத்துக்கு முன் கிண்ணியாவிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். நிஸா அவளைச் சாச்சி என்றுதான் கூப்பிடுவாள். இருவருக்கும் பத்து வயது வித்தியாசம்கூட இல்லை.

தூள் நன்றாகத்தான் வேலை செய்தது. முதல் வாரம் வாப்பா பள்ளிவாசலுக்கு நடந்தே போய் வந்தார். இரண்டாவது வாரம் சோறு வெறுத்தது. தின்றதையெல்லாம் சத்தி எடுத்தார். கை நடுங்கித் தேநீர்க் கோப்பை சாசரில் கிடுகிடுத்தது. ராப்பகலாக உறக்கமில்லாமல், போன கப்பல்களின் பெயரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் இழுப்பு முற்றிய குணங்குறி என்றே வீட்டில் நினைத்தார்கள். நிஸா நேரம் தவறாமல் குளிசையை எடுத்துக் கொடுத்தாள். நபீஸா தேனில் தூளைக் கொஞ்சம் கூட்டினாள். இன்று விடிய, சுபஹுத் தொழுகைக்கு முன்னால் உடம்பு முழுவதும் வெட்டி இழுத்தது. கார் கொண்டுவரப் போனவன் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினொரு மணி தாண்டித்தான் மூதூர் லோஞ்ச் வந்தது. கடல் கொந்தளிப்பில் தாமதம். நனைந்த சட்டையோடு வந்த ஜவாஹிர் காக்கா வாப்பாவின் முகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, அழாமல் நேரே பெண்கள் இருந்த அறை வாசலுக்கு வந்தான். நிஸாவின் ஒரே அண்ணன். வாப்பா இரண்டாவது கல்யாணம் முடித்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு வாய் சோறு தின்னாதவன்.

“ஒரு கிழமைக்கு முந்தி என்னோட கதைச்சவர். நல்லாத்தானே இருந்தவர். என்னத்தக் குடுத்தீங்க?”

ஒரு கிழவி மெதுவாக, “நாட்டு மருந்து குடுத்தாவாம். மிளகுத்தூள்” என்றாள்.

ஜவாஹிர் நபீஸாவைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலிருந்த சுவரைப் பார்த்துச் சொன்னான். “இத்தா முடியட்டும். புருசன் போனவளுக்கு நாலு மாசம் பத்து நாள். அதுக்குப் பொறகு கிண்ணியாவுக்குப் போகட்டும். வாப்பாவக் கொன்ன ஆளுக்கு வாப்பாட வீட்டில இடமில்ல.” பிறகு தங்கையிடம் திரும்பினான். “நீ சயன்ஸ் படிப்பிக்கிறவள். நீ சொல்லு. அந்தத் தூள் ஆளக் கொல்லுமா, கொல்லாதா?”

நபீஸா தலையை நிமிர்த்தி நிஸாவைப் பார்த்தாள்.

“வாறன்” என்று மட்டும் சொல்லி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்படலையால் நிஸா வெளியேறினாள். மையித்து வீட்டில் கிடக்க மகள் தெருவில் இறங்குவதை ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் ஒரு நிமிடம்கூட அந்த அறையில் நிற்க முடியவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்த போத்தல் ஒவ்வொரு அடிக்கும் கிலுங்கியது.

மிளகைப் பற்றி அவளுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குச் செய்துகாட்டியிருக்கிறாள். மிளகுத்தூளை ஸ்பிரிட்டில் காய்ச்சி வடித்து, வற்றவைத்து, பொட்டாஷ் காரம் சேர்த்து மூடிவைத்தால் அடுத்த நாள் அடியில் மஞ்சள் ஊசிகள் விளைந்திருக்கும். பைப்பரின். மிளகின் உறைப்பெல்லாம் அதுதான். போன வருடம் அதில் ஒரு பொட்டைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து வாப்பாவின் நாக்கில் வைத்தாள். தண்ணீரில் கரையாத சாமான் என்பதால் முதலில் ஒன்றும் தெரியாது. “இதென்ன, மண்ணா?” என்றார் வாப்பா. பிறகு மெல்ல மெல்லக் கண் விரிந்தது. கண்ணீர் வழிய, குடத்தைத் தேடி ஓடிக்கொண்டே, அவர் சிரித்த சிரிப்பில் அயல் வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

அது அல்ல அவளை ஓடவைத்தது. ஓகஸ்ட் விடுமுறையில் கொழும்பில் நடந்த ஆசிரியர் கருத்தரங்கில் ஒரு விரிவுரையாளர், நேரம் மிஞ்சியதால் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். இந்தியாவில் திப்பிலியையும் ஆடாதோடைச் சத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்களாம். தனியாகக் கொடுத்ததைவிட இரத்தத்தில் இரண்டு மடங்குக்கு மேலே மருந்து ஏறியிருந்ததாம். குடலும் ஈரலும் மருந்தைச் சிதைத்து வெளியேற்றுகிற வேலையைப் பைப்பரின் தடுக்கிறதோ என்று சந்தேகம், இன்னும் சரியாகத் தெரியாது என்றார். நிஸா அதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டாள். திரும்பி வந்து வகுப்பிலும் சொன்னாள். வீட்டில், குளிசைக்குப் பின்னால் தேன் கரண்டி போவதைப் பதினான்கு நாள் கண்முன்னே பார்த்தும், கொப்பியில் இருந்தது கொப்பியிலேயே இருந்தது.

டிஸ்பென்சரியில் இரண்டு நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். டொக்டர் அவளைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

“இப்பதான் கேள்விப்பட்டனான், பிள்ளை. நீங்கள் இந்த மழைக்குள்ள என்னத்துக்கு வந்தனீங்கள்?”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கை நடுக்கம், சத்தி, உறக்கமின்மை, வலிப்பு. மூன்று குளிசை. தூள். கொழும்பில் கேட்டது. டொக்டர் முதலில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஆட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நடுக்கமும் சத்தியும் இந்தக் குளிசை கூடினால் வாற குணம்தான்,” என்றார். “ஆனால் மூண்டு கூடின அளவில்லை. நான் எழுதினதுதானே. மிளகாலை இப்பிடி வருமெண்டு நான் எங்கையும் படிக்கேல்லை. வராதெண்டும் சொல்ல ஏலாது.”

“அப்ப அதாலதானா டொக்டர்?”

“இரத்தம் எடுத்துப் பாத்திருந்தால் சொல்லலாம். இனி ஆரும் சொல்ல ஏலாது, பிள்ளை. நெஞ்சும் பழுதான நெஞ்சு.” அவர் மேசையிலிருந்த காகிதத் துண்டை இழுத்து ஏதோ எழுதினார். “கை நடுங்குது எண்டு ஒருக்கால் வந்து சொல்லியிருக்கலாம். நானும், வீட்டில வேற என்ன குடுக்கிறீங்கள் எண்டு கேக்கேல்லை. இனிக் கேப்பன்.”

அவள் திரும்பியபோது குளிப்பாட்டி முடித்துக் கபன் துணியால் சுற்றியிருந்தார்கள். கர்ப்பூர வாசனை தெருவரை வந்தது. மத்தியானத் தொழுகைக்கு, லுஹருக்கு, பாங்கு சொல்லிவிட்டார்கள். வாப்பாவின் முகம் மட்டும் திறந்திருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு அந்த முகம் மூச்சுக்குப் போராடாமல் இருந்தது. அவள் குனிந்து நெற்றியைத் தொட்டாள். ஈரமும் குளிருமாக இருந்தது.

ஜவாஹிர் வாசற்படியில் நின்றான். “சொல்லாமப் போனா விட்டிருவனா? மௌத்தாக்கினது அந்தத் தூள்தானே?”

“மூண்டாவது குளிசைய நாள் தவறாமக் குடுத்தது நான்,” என்றாள் நிஸா. குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. முற்றத்து ஆண்களும் திரும்பினார்கள். “குளிசை மட்டும் போனா ஒண்டுமில்ல. தூள் மட்டும் போனாலும் ஒண்டுமில்ல. ரெண்டும் ஒண்டாப் போனா, மருந்து ஒடம்ப விட்டுப் போகாம உள்ளயே சேருமாம். அப்பிடித்தான் நடந்ததெண்டு டொக்டருக்கும் சொல்ல ஏலா. ஆனா அப்பிடி நடக்கும் எண்டு இந்த வீட்டில தெரிஞ்ச ஒரே ஆள் நான். சாச்சிக்குத் தெரியா. கொழும்பில கேட்டிட்டு வந்து, எழுதி வெச்சிட்டு, பாத்துக்கொண்டு இருந்தது நான்.”

ஜவாஹிரின் முகம் மாறியது. இரண்டு எட்டு வைத்து வந்து அவள் தோளைப் பிடித்தான்.

“நீ என்னத்தடி செய்வாய்? வாப்பாவுக்குச் சுகம் வரட்டும் எண்டுதானே குடுத்தாய். அது அல்லாஹ்ட நாட்டம். அழாத.”

“நான் அழல்ல, காக்கா. இப்ப எனக்குச் சொன்னத அவவப் பாத்துச் சொல்லுங்க.”

அவன் கை தோளிலிருந்து இறங்கியது. அறைக்குள்ளே நபீஸா சுவரோடு சாய்ந்து, வெள்ளைச் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். வெளியே மையித்தைச் சுமக்கும் சந்தூக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். யாரோ ஜவாஹிரைக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. கடைசியில், நிலத்தைப் பார்த்தபடி, “வீட்டுக் கதை இனி வேணாம். அவ இங்கயே இரிக்கட்டும்” என்றான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், சந்தூக்கின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தான்.

கலிமாவின் ஓசை வளைவு திரும்பி மழைக்குள் தேய்ந்து போகும்வரை பெண்கள் ஜன்னலடியில் நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குசினிப் பக்கம் போனார்கள். நிஸா கூடத்தில் நடந்தாள். பாயைச் சுருட்டினாள், பிறகு விரித்தாள். விளக்கை இடம் மாற்றினாள்.

“இங்க வா, புள்ள,” என்றாள் நபீஸா.

நிஸா அவளருகே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“நீ சொன்னது மெய்யா? எனக்காகச் சொன்னியா?”

“மெய்தான்.”

“அப்ப மிளகும்தான்.”

“தெரியா, சாச்சி. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.”

கூரையில் மழை வலுத்தது. “நேத்து அவர் வேணாம் எண்டார்,” என்றாள் நபீஸா. “தேன் இனிச்சுக் கெடக்கு, வேணாம் எண்டார். நான்தான் மூக்கப் புடிச்சு...”

நிஸா அவள் கையைப் பிடித்தாள். நான்கு இரவாக உறங்காத அந்தத் தலை சிறிது சிறிதாகச் சரிந்து, நிஸாவின் தோளில் வந்து தங்கியது. மூச்சு நீண்டு, சீராகி, லேசான குறட்டையாக மாறியது.

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. “நிஸா ராத்தா! வாடகைக் கதிரையள் எடுக்க வந்திரிக்கம். உள்ள கெடக்கிறதையும் தாறீங்களா?” என்று ஒரு குரல் கேட்டது. சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டது.

அவளுடைய இடது கை தோள்முதல் விரல்நுனிவரை விறைத்துப் போயிருந்தது. நிஸா அசையவில்லை.