கழுத்துப் பட்டை

எதிர்வீட்டு இஸ்திரிக்காரி வந்து வாசலில் நின்றபோது நான் பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கியபடி, "அக்கா, உன் பட்டனை வண்டில தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாங்க" என்றாள். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பட்டன் மாடியில் அல்லவா இருக்கிறான்? மதியம் சாப்பிட்டதும் மாடிக்குப் போவான், அங்கே குடியிருக்கும் ஓவியர் எதிரில் இரண்டு மணி நேரம் படுத்துக் கிடப்பான், பிஸ்கட் வாங்கித் தின்றுவிட்டு இறங்கி வருவான். ஒரு மாதமாக இதுதான் வழக்கம்.

"எந்த வண்டிடி?"

"நாய் பிடிக்கிற வண்டி. இது தையக்காரக்கா வீட்டு நாய், விடுங்கடான்னு கத்தினேன். வீட்டு நாய்னா கழுத்துப் பட்டை எங்கம்மான்னு கேக்கறான். குனிஞ்சு பாத்தா நெஜமாவே பட்டை இல்லக்கா."

பட்டை இல்லாமல் எப்படி இருக்கும்? காலையில் அதன் முடிச்சை நான்தான் சரிசெய்து விட்டேன்.

பட்டன் எங்கள் வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. குட்டியாக உள்ளே நுழைந்த அன்றே ஒரு கோட்டுப் பொத்தானை விழுங்கி, என்னை மருத்துவரிடம் ஓடவைத்து, மறுநாள் அதைப் பத்திரமாக வெளியே அனுப்பிவைத்த பிரகிருதி அவன். பெயர் அப்படி வந்தது. அன்றிலிருந்து தையல் மிஷினுக்கு அடியில், என் இடது கால்மீது தலையை வைத்துப் படுப்பதுதான் அவன் உத்தியோகம். மீந்த துணியில் அவனுக்குக் கழுத்துப் பட்டை தைப்பேன். இப்போதைய பட்டை யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் சிவப்பு ரவிக்கைத் துணி. அதில் என் போன் நம்பரை மஞ்சள் நூலால் நானே பூவேலை மாதிரி தைத்திருந்தேன். "எனக்கு ஒரு சட்டை கேட்டா ஆறு மாசம் ஆகுது, துரைக்கு மட்டும் வருஷத்துக்கு நாலு பட்டை" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். பண்ணட்டும். தொலைந்தால் அவர் தானே வழி கேட்டு வந்துவிடுவார், பட்டன் வருவானா?

ஓவியர் நல்ல மனுஷர்தான். அதை நான் மறுக்கவில்லை. அதிர்ந்து பேசமாட்டார், வாசலில் செருப்பை ஒழுங்காக விடுவார். ஒரு நாள் வந்து, "அக்கா, உங்க நாய் முகத்துல என்னமோ இருக்கு. வரையணும்னு ஆசையா இருக்கு" என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. என் நாய்க்குப் படமா! இஸ்திரிக்காரியிடம், கறிகாய்க்காரரிடம், துணி கொடுக்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி மாய்ந்து போனேன். பெருமை என் கண்ணை மறைத்துவிட்டது. இல்லாவிட்டால் ஒரு தடவையாவது மாடியேறிப் போய் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்திருக்க மாட்டேனா? பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், தலைக்குமேல் வேலை என்று சாக்குச் சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே மாடிக்கு ஓடினேன். ஓவியர் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பட்டை எங்கே என்று நான் கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சாயம் துடைக்கிற கந்தல் துணிகளோடு ஒரு டப்பாவில் அது கிடந்தது. சிவப்பு தெரியவில்லை. பச்சை, பழுப்பு, கறுப்பு என்று எல்லாச் சாயமும் அதில் ஏறியிருந்தது. மஞ்சள் நூலில் கடைசி மூன்று எண்கள் மட்டும் மிஞ்சியிருந்தன.

"இது எப்படிங்க இங்க வந்துச்சு?"

அவர் பட்டையைப் பார்த்தார், என் கையில் இருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார். "கழுத்துல அது இருந்தா படம் கெட்டுடும்க்கா. அந்தச் சிவப்பு தனியா கண்ணைக் குத்தும். அதனால வந்ததும் கழட்டி வெச்சிடுவேன். போகும்போது தினமும் மாட்டித்தான் விடுவேன். இன்னிக்கு என்னமோ ஒரு ஞாபகத்துல..."

"ஞாபகத்துல அதுலயே பிரஷ்ஷையும் துடைச்சீங்களா?"

வந்ததே எனக்குக் கோபம்! ஒரு மாதமாக அவன் புருவத்து முடியைக்கூட எண்ணி வரைந்த மனுஷருக்கு, கழுத்து வெறுமையாக இருப்பது தெரியவில்லையாம். வாய்க்கு வந்தபடி திட்டினேன். என்ன திட்டி என்ன, வண்டி போய்விட்டதே.

நாய்க் காப்பகம் ஊருக்கு வெளியே இருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் காலை மறுபடி போனேன். ஓவியரும் கூடவே வந்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "உங்க நாய்தான்னு என்ன அத்தாட்சி?" என்றாள். ஊசி போட்ட சீட்டைக் கொடுத்தேன். பழுப்பு நிற ஆண் நாய் என்று அதில் எழுதியிருந்தது. "உள்ள நாப்பது பழுப்பு நாய் இருக்கும்மா. போட்டோ இருக்கா?" என் போனில் இருந்த படங்களில் எல்லாம் மிஷினுக்கு அடியில் ஒரு வாலும் இரண்டு கால்களும்தான் தெரிந்தன. நான் தேடித் தேடி நகர்த்திக்கொண்டிருந்தபோது ஓவியர் முந்திக்கொண்டார். பையிலிருந்து ஓர் அழைப்பிதழை எடுத்து நீட்டினார். அடுத்த வாரம் அவருடைய கண்காட்சியாம். அட்டை முழுக்க பட்டனின் முகம். பொய் சொல்லக் கூடாது, உயிரோடு இருந்தது. இடது கண் ஓரத்து மச்சம்கூட விட்டுப்போகவில்லை.

அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள். பிறகு கீழே இருந்த எழுத்தைப் படித்தாள். முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னம்மா, நீங்களே 'யாருமில்லாதவன்'னு அச்சடிச்சுக் கொண்டாந்திருக்கீங்க?"

அட்டையை வாங்கி நானும் படித்தேன். பெரிய எழுத்தில் அப்படித்தான் இருந்தது. யாருமில்லாதவனாம்! பதினோரு வருஷம் என் காலில் தலை வைத்துத் தூங்கியவன். அவனுக்குக் காய்ச்சல் என்றால் என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகமாட்டார். ஓவியர், "அது ஒரு உணர்வுக்காக வெச்ச தலைப்புக்கா" என்று முனகினார். உணர்வாம் உணர்வு! அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

"என்னை உள்ள விடுங்கம்மா. அவன் சொல்வான் யாரோட நாய்னு" என்றேன்.

நான்காவது கூண்டின் மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "பட்டா" என்றேன். எழுந்திருக்க முடியாமல் எழுந்து, தள்ளாடி வந்து, கம்பிக்குக் கீழே நீட்டியிருந்த என் இடது கால்மீது தலையை வைத்தான். அந்தப் பெண் பதிவேட்டைத் திருப்பிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். அப்போதுதான் அவன் காதைப் பார்த்தேன். வலது காது நுனியை விரல்கடை அளவுக்குக் கத்தரித்திருந்தார்கள். கருத்தடை செய்த தெருநாய்க்கு அடையாளமாம் அது. "காலையில ஆபரேஷனுக்கு முதல்ல ஏத்தின நாய்ங்கள்ல இதுவும் ஒண்ணு. பட்டை இருந்திருந்தா தொட்டிருக்க மாட்டோம்" என்றாள் அந்தப் பெண். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஓவியரோடு நான் பேசவில்லை. மாடியிலிருந்து எடுத்துவந்த பட்டையில் ஏறிய சாயம் போகவில்லை. சோப்பு, மண்ணெண்ணெய், எலுமிச்சை என்று எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். பட்டனுக்குப் புதிதாக நீலத்தில் ஒன்று தைத்துப் போட்டேன். மாடிப்படிப் பக்கமே அவன் போவதில்லை.

கண்காட்சிக்கு முந்தின நாள் ஓவியர் படத்தைத் தூக்கிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். வண்டி வந்துகொண்டிருக்கிறதாம், படத்தைச் சுற்றப் பழைய போர்வை ஏதாவது கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். துணி வெட்டுகிற மேஜையைக் காட்டினேன். படத்தை அதன்மேல் மல்லாக்கக் கிடத்திவிட்டு, கயிறு எடுத்துவர மாடிக்குப் போனார்.

பட்டன் மேஜைக்கு அடியில் படுத்திருந்தான். மேஜைமேல் இன்னொரு பட்டன். இரண்டு காதும் முழுசாக, கழுத்து மொட்டையாக. தொட்டுப் பார்த்தேன். எவ்வளவு சாயம் பூசினாலும் அடியில் துணிதான். எட்டு வயதிலிருந்து நான் துணியில் ஊசி குத்துகிறேன். பெட்டியைத் திறந்து, ஜீன்ஸுக்கு வைத்திருக்கும் கனமான ஊசியில் மஞ்சள் நூலை இரட்டையாகக் கோத்தேன். பழைய பட்டையை எடுத்து, மிஞ்சிய மூன்று எண்கள் வெளியே தெரிகிற மாதிரி அந்தக் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.

"அக்கா! என்ன பண்றீங்க? குத்தாதீங்க, படம் போயிடும்!"

கயிற்றோடு வாசலில் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் உள்ளே வரவில்லை.

"வண்டி வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து... பத்து நிமிஷம்."

"அதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றேன்.

முதல் தையலுக்கு ஊசி இறங்கியபோது காய்ந்த சாயம் விரிசல் விடுகிற சின்னச் சத்தம் கேட்டது. பட்டன் தலையைத் தூக்கினான். வெட்டாத காது நிமிர்ந்தது, வெட்டிய காதும் நிமிர்ந்தது.